குமுட்டி அடுப்பு

சீமையிலிருந்து வந்து பெரிய அங்காடிகளில் பளபளக்கும் கரியடுப்புகளைக் கண்டு திருப்தியுறாது திரும்பிய எனக்கு, வேளச்சேரி தண்டீஸ்வரர் கோயிலை அடுத்த சந்தில், ஒரு பாத்திரக் கடை வாசலில், தகரத்தை வாளியாக வளைத்து, உட்புறம் களிமண் பூசி, நடுவே இரும்புச் சல்லடை பொருத்திய நம் நாட்டுக் குமுட்டி அடுப்பு தென்பட்டபோது உண்டான ஆனந்தம் சாமானியமானதன்று.

அடிவாயிலில் விசிறியால் வீசினால் காற்று சல்லடை வழியே ஏறிக் கனல் சிவக்கிறது. வாயிலை அடைத்தால் தணிகிறது. சாம்பல் தானே கீழே உதிர்கிறது. இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலங்கரியை இட்டு, கனலின்மேல் எண்ணெய் தடவிய கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிச் சுட்டேன்; தோல் கருகி வெடித்து, உள்ளே வெண்ணெய்போல் குழைந்து, கொத்சுக்கு அந்த வாசனை அபூர்வமாய் அமைந்தது.

வாங்குவோர் முதல் நாள் சிறுதீயில் களிமண்ணை உலர்த்துங்கள். மொட்டைமாடியில் மட்டுமே மூட்டுங்கள், அடைத்த அறையில் கரிநெருப்பின் வாயு உயிருக்கே ஆபத்து.