மணி 17:29... ஐயோ, அந்த ஒரு நிமிஷம்!

செங்கல்பட்டு ஜங்ஷனில் சாயங்காலம் ரயிலுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் தண்டவாளத்தை எட்டிப் பார்ப்பார்கள். நான் அண்ணாந்து பார்ப்பேன். மேலே தொங்குகிற அந்த டிஜிட்டல் கடிகாரம் இருக்கிறதே, சிவப்பு எழுத்து, நாலே இலக்கம், இருபத்துநாலு மணிக் கணக்கு, அதுதான் எனக்கு சினிமா, அதுதான் கிரிக்கெட் மேட்ச்!

கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கள். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று அடிக்கிறது, யாரோ சமோசா பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள், ஒலிபெருக்கியில் வண்டி நம்பர் மூன்று மொழியிலும் வந்துகொண்டே இருக்கிறது. மணி 17:27. என் கையிலிருக்கும் டீ ஆறிக்கொண்டிருக்கிறது, குடிக்கத் தோன்றவில்லை. 17:28. நடுவிலிருக்கும் இரண்டு புள்ளியும் மினுக் மினுக்கென்று அடிக்க, என் நெஞ்சும் கூடவே அடிக்க, சட்டென்று அந்தக் கடைசி எட்டில் ஒரே ஒரு கோடு அணைகிறது, ஆமாம், ஒரே ஒரு கோடுதான், 17:29! "வந்துட்டார்யா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "யாரு தம்பி, எந்த வண்டி?" என்று எழுந்தே விட்டார். "வண்டி இல்லம்மா, ராமானுஜன்!" என்றேன். அவர் கூடையை இழுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். போகட்டும்!

1729. லண்டன் பட்னியில் நோயாகக் கிடந்த கணித மேதை ராமானுஜனைப் பார்க்கக் கணிதவியலாளர் ஹார்டி வந்த டாக்சியின் எண். இரண்டு நேர்ம முழு எண்களின் கனங்களின் கூட்டாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் இதுதான் மிகச் சிறியது. 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தால் 1729, 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தாலும் அதேதான். இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும் என்பீர்கள். சரி, நாலு இலக்கத்தையும் கூட்டுங்கள்: 19. அதைத் திருப்பிப் போடுங்கள்: 91. இரண்டையும் பெருக்குங்கள். 1729! இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியில்லாமல் வகுபடும் இப்படிப்பட்ட எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தவர் கப்ரேகர், நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவரும் நம்ம கட்சி, ரயில் நிலையப் பித்து! தான் கண்டுபிடித்த இன்னொரு எண் குடும்பத்துக்கு, அந்த யோசனை உதித்த டெம்லோ ஸ்டேஷனின் பெயரையே வைத்துவிட்டார். இன்றைய டோம்பிவிலிதான் அந்த டெம்லோ.

கப்ரேகர் 1949-இல் கண்டுபிடித்த ஒரு விளையாட்டு இருக்கிறது, அதைக் கடிகாரத்தோடு சேர்த்தால்தான் ஆள் பைத்தியமாவது. நாலு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக ஒரு தடவை, சிறிதிலிருந்து பெரிதாக ஒரு தடவை அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும், வந்த விடையை மறுபடி அதேபோல, மறுபடி அதேபோல. நான் 17:29-ஐயே எடுத்து, கையிலிருந்த டிக்கெட்டின் பின்பக்கம் போட்டேன். 9721-இல் 1279 போக 8442, அடுத்து 5994, அடுத்து 5355, அடுத்து 1998, 8082, 8532, கடைசியில் 6174! அதற்கப்புறம் எத்தனை தடவை கழித்தாலும் 6174, 6174, 6174தான். நாலும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படிக்குள் அங்கே போய் விழுந்துவிடும் என்பதுதான் சங்கதி, நம்ம ராமானுஜன் எண்ணோ அந்த ஏழு படியையும் முழுசாக இறங்கிவிட்டுத்தான் விழுகிறது, இதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்த புல்லரிப்பு இருக்கிறதே, என் வண்டி வந்து, நின்று, கிளம்பியும் போய்விட்டது, நான் டிக்கெட்டில் கழித்துக்கொண்டிருக்கிறேன்! ஒரு நாளின் 1440 நிமிடத்தில் 00:00, 11:11, 22:22 மூன்று மட்டும் பூஜ்யமாகிவிடும், மிச்சம் 1437-ம் 6174-இல் போய்ச் சேரும். ஆனால் 61:74 என்று எந்தக் கடிகாரமும் காட்டாது பாருங்கள், எல்லா நேரமும் போய்ச் சேருகிற இடம் ஒரு நேரமே இல்லை!

ஏழு என்றதும் இன்னொன்று. டிஜிட்டல் எண் ஒவ்வொன்றும் ஏழு கோட்டுக்குள் அடங்கியது. 0-விலிருந்து 9 வரை எத்தனை கோடு எரிகிறது என்று எண்ணினால் 6, 2, 5, 5, 4, 5, 6, 3, 7, 6. இந்த வரிசையில் 4-க்கு நாலு கோடு, 5-க்கு ஐந்து, 6-க்கு ஆறு, தன் விலையைத் தானே சொல்லும் எண்கள்! மற்றதெல்லாம் இவற்றைத் தேடி ஓடும்: 8-க்கு ஏழு கோடு, 7-க்கு மூன்று, 3-க்கு ஐந்து, அங்கே நின்றுவிடும். நாளிலேயே அதிக வெளிச்சமான நிமிடம் 08:08, மொத்தம் 26 கோடு. மிகச் சிக்கனமானது 11:11, எட்டே கோடு. செங்கல்பட்டிலிருந்து கடலுக்குப் போகிற சாலையின் முடிவிலிருக்கும் மாமல்லபுரத்தைக் கப்பல்காரர்கள் ஏழு கோயில் ஊர் என்றுதான் கூப்பிட்டார்கள். தற்செயல்தான், தெரியும், இருந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது.

மழை பெய்தால் இன்னும் கொண்டாட்டம். பிளாட்பாரக் குட்டையில் அந்தச் சிவப்பு எண்கள் தலைகீழாக விழும். 0, 1, 3, 8 நாலும் தண்ணீரிலும் அப்படியே தெரியும், 2 மட்டும் 5 ஆகும், 5 இரண்டாகும். அப்படியானால் நிஜமும் நிழலும் ஒன்றாகத் தெரிகிற நேரம் எத்தனை? ஒரு நாளில் 96. சாயங்காலம் 18:30, 18:31, 18:33, 18:38 என்று வந்துகொண்டே இருக்கும், 18:38-ஐ விட்டால் நள்ளிரவு 00:00 வரை ஒன்றும் கிடையாது. அதனால் ஒரு மழைநாளில் நான் குனிந்து குட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன், மோதிரத்தைத் தொலைத்தவனைப் பார்ப்பதுபோல் இரண்டு பேர் உதவிக்கு வந்துவிட்டார்கள்!

கண்ணாடி வேறு கதை. திருக்கழுக்குன்றத்தில், ஒரு காலத்தில் உச்சிவேளைக்குக் கழுகு வந்ததால் பேர்பெற்ற அதே ஊரில், ஒரு சலூனில் பாதித் தலையோடு உட்கார்ந்திருக்கிறேன். எதிர்க் கண்ணாடியில் 12:51. திரும்பிச் சுவரைப் பார்த்தால் அங்கேயும் 12:51! "ஆடாதீங்க சார்" என்று காதுக்குப் பக்கத்தில் கத்திரி. எப்படி ஆடாமல் இருப்பது? இடவலம் மாறும்போதும் 2-ம் 5-ம் இடம் மாற்றிக்கொள்ளும், அதனால்தான் இந்த வித்தை. 15:21, 20:05, 22:55 என்று இருபத்துநாலு மணிக் கணக்கில் மொத்தம் 11 உண்டு. கடிகாரத்தையே தலைகீழாகப் பிடித்தாலும் மாறாத நேரங்களும் 11தான்!

2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடும் 11 சுற்று என்றால் நம்புவீர்களா? நம்ம செஸ் வீரர் குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்த அந்த மண்டபத்தில் எல்லாரும் காய்களைப் பார்த்தார்கள், என் கண் பலகைக்குப் பக்கத்திலிருந்த கடிகாரத்தில். தொடக்கத்தில் 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடுதல். ஒருவர் சரியாக 30 வினாடியே யோசித்து ஆடிக்கொண்டிருந்தால், பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அதே எண்ணே திரும்பி வரும், மணிக்கணக்கில் ஆடியும் நேரம் போகவில்லை! பட்டென்று ஆடுகிறவருக்கோ நேரம் ஏறிக்கொண்டே போகும்.

குறை? சில கடிகாரங்களில் 7-க்கு நாலு கோடு போட்டு, 6-க்குத் தலையை வெட்டிவிடுகிறார்கள், என் கணக்கெல்லாம் மாறிப்போகிறது. மன்னித்துவிட்டேன். 7-க்கு நாலு கோடு என்றால் தனியாக நின்ற 4-க்கு ஒரு துணை கிடைக்கிறதே!

இதோ உங்களுக்கு ஒன்று. 00:00, 01:10, 02:20 என்று முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கிற நேரங்கள் ஒரு நாளில் 16. பெரும்பாலும் 70 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். ஆனால் இரண்டு இடத்தில் மட்டும் 251 நிமிடம் காத்திருக்க வேண்டும், ஒரே ஒரு இடத்தில் 28 நிமிடத்திலேயே வந்துவிடும். எங்கே, ஏன்? அடுத்த தடவை பிளாட்பாரத்தில் நிற்கும்போது போனை உள்ளே வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்துப் போட்டுப் பாருங்கள்.