எடை ஏறாத அளவு

1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளின் செவர்லே கார்களுக்கு அமெரிக்காவில் இன்றும் தனி மவுசு. அவற்றைப் புதுப்பிப்பவர்களில் பலர் இரண்டே வேகம் கொண்ட பவர்கிளைட் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டுப் பின்னாளைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றை மாட்டுகிறார்கள். சிக்கல் அங்கே தொடங்குகிறது. இந்தக் கார்களின் வி-8 எஞ்சினை முகப்பில் இரண்டு மவுண்டுகளும், கியர்பாக்ஸோடு அதை இணைக்கும் பெல்ஹவுசிங்கின் இருபக்கத்திலும் இரண்டு மவுண்டுகளும் தாங்கின. வால் பக்கம் எதுவும் இல்லை. புதிய கியர்பாக்ஸுக்கோ வாலில்தான் தாங்கல். அதற்காகச் சேசிஸின் குறுக்கே ஒரு கிராஸ்மெம்பர் வைக்க வேண்டும். தொழிற்சாலை இடமே குறிக்காத உறுப்புக்கு இடம் கண்டுபிடிப்பது எப்படி?

பட்டறை வழக்கம் எளியது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகப் பூட்டி, சங்கிலியில் இறக்கி, வாலுக்கு ஜாக்கி கொடுத்து, எல்லாம் இடிக்காமல் நிற்கும் இடத்தில் கிராஸ்மெம்பரை டேக் வெல்டிங் போட்டு நிறுத்துவது. வேறொருவர் காரில் எடுத்த அங்குலக் கணக்கை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். எழுபது ஆண்டு ஓடிய சேசிஸ் எங்கோ இடிபட்டிருக்கலாம், முறுகியிருக்கலாம்; அதை எந்த வரைபடமும் சொல்லாது. செவர்லேயின் சிறிய வி-8 எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்புறம், ஃபயர்வாலை ஒட்டி இருக்கிறது. அதைக் கழற்ற இடம் இருக்கிறதா, ஆயில் பேன் ஸ்டியரிங் தண்டுகளில் உரசுகிறதா, சைலன்சர் குழாய் எந்த வழியாகப் போகும் என்பதையெல்லாம் நிஜ இரும்பைத் தொங்கவிட்டுத்தான் பார்க்க முடியும்.

ஆனால் இந்த முறை பார்ப்பது இடைவெளியை மட்டும். எடையைப் பார்ப்பதில்லை. பாடியை இறக்கி வைத்த வெற்றுச் சேசிஸ், ஸ்டாண்டின் மேல், ஸ்பிரிங் அமுங்காமல் நிற்கிறது. சிலர் பாரம் தூக்கும் சிரமத்துக்கு அஞ்சி, இதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் போலி எஞ்சினை வைக்கிறார்கள். மவுண்டின் ரப்பர் அதற்கு அமுங்குமா என்ன? எஞ்சின் சுமார் மூன்று டிகிரி பின்சாய்வில் உட்கார வேண்டும். பின் அச்சின் பினியன் அதற்கு இணையாக நிற்க வேண்டும். யுனிவர்சல் ஜாயிண்ட் கோணத்தில் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் குலுக்கலை மற்றது விழுங்கும். இந்தக் கார்களின் பின்புறம் பட்டை ஸ்பிரிங். பாரம் ஏற ஏறப் பினியனின் கோணமும் மாறும். வெறும் சேசிஸில் எடுத்த கோணம் நெடுஞ்சாலையில் அதிர்வாகத் திரும்பி வரும். உரிமையாளர் டயரைச் சந்தேகிப்பார், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சமன் செய்யக் கொடுப்பார். கிராஸ்மெம்பர் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நிற்கிற எஞ்சின் முறுக்காது என்பது அடுத்த குறை. முகப்பு மவுண்டையும் வாலையும் மட்டும் நம்பி நடுவில் தாங்கலை விட்டுவிட்டால், அவ்வளவு நீளமும் இரு முனைகளுக்கு இடையே தொங்கும். அந்த வளைவும், ஓடும்போது எழும் முறுக்கும் கியர்பாக்ஸின் அலுமினியக் கூட்டில் இறங்கும். பட்டறையில் எந்தக் குறையும் தெரியாது. 1958 முதல் செவர்லேயே எஞ்சினின் விலாவுக்கு மவுண்டை மாற்றிக்கொண்டது. வாலில் தாங்கல் வைப்பவர்களும் அதைப் பின்பற்றலாம் என்பேன்.

எஞ்சினைச் சேசிஸின் நட்டநடுவில் வைக்கத் துடிப்பதும் கண் செய்யும் வேலைதான். அமெரிக்கக் கார்கள் பலவற்றில் ஸ்டியரிங்குக்கு வழிவிட எஞ்சினைப் பயணி பக்கம் சற்றே தள்ளி வைத்தார்கள். ஷாஃப்ட்டுக்குத் தேவை இணைக்கோடு, நடுக்கோடு அல்ல.

ஆகவே தொங்கவிட்டுப் பார்ப்பதைக் கைவிடச் சொல்லவில்லை. இடைவெளிக்கு அது போதும், கோணத்துக்குப் போதாது. பாடி, கண்ணாடி, ரேடியேட்டர் எல்லாம் ஏறி, சக்கரம் தரையில் நிற்கும்போது கோணமானியை வைத்து மறுபடி அளக்க வேண்டும். பலர் நம்பும் கார்புரேட்டர் தளத்து ரசமட்டம் ஒரு குறிப்பு மட்டுமே. எல்லா மேனிஃபோல்டும் ஒரே சாய்வில் கடைந்தவை அல்ல. அதுவரை முழு வெல்டிங் கூடாது. நீள்துளை போட்ட, போல்ட்டில் பூட்டும் கிராஸ்மெம்பரை அழகில்லை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் ரப்பர் படிந்து வால் இறங்கினால் அதைத் தளர்த்தி நகர்த்தலாம், ஒரு தகடு கொடுத்து உயர்த்தலாம். வெல்டிங் போட்டதை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.