விருந்தும் பற்றுக்கணக்கும்: பேராக் தோட்ட நினைவெழுத்தில் பண்டிகைச் சமையல்

மலேசியத் தமிழ்ப் படைப்புகளில் தீபாவளி விடியலுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய்க் குளியல், இட்லி, ஆட்டிறைச்சிக் குழம்பு, தகர டின்னில் அடைத்த முறுக்கு, பக்கத்து லயத்திற்குத் தட்டில் மூடிச் செல்லும் பலகாரம் ஆகியவை சிறுகதை, நாவல், தன்வரலாறு என எவ்வகையிலும் தவறாது இடம்பெறுகின்றன. இக்காட்சிகளைப் 'பண்பாட்டுக் காப்பு' என்ற ஒரே தலைப்பின்கீழ் அடக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. தாயகத்தின் சுவையைக் கடல் கடந்தும் காத்தனர் என்று எழுதி முடித்துவிடுகிறோம். வகுப்பறையில் நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்துள்ளோம். அவ்வாசிப்பு தவறன்று, ஆயினும் அது விருந்தை மட்டும் காண்கிறது, விருந்திற்குப் பின்னிருந்த பற்றுக்கணக்கைக் காண்பதில்லை.

தோட்டத் தீபாவளியின் பொருளியலை முதலில் நோக்குதல் வேண்டும். பால்வெட்டுத் தொழிலாளர் நாட்கூலிக்காரர். விடியலில் மரப்பட்டை நனைந்திருந்தால் பால்வெட்ட இயலாது; வெட்டில்லையேல் கூலியும் இல்லை. பேராக் மாநிலத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மழை மிகுந்தவை. தீபாவளி வருவதும் அம்மாதங்களிலேதான். அதாவது, ஆண்டின் மிகப் பெரிய செலவு ஆண்டின் மெலிந்த வருவாய்க் காலத்தில் வந்து சேர்ந்தது. இவ்விடைவெளியை நிரப்பியவை முன்பணமும் கடைக்காரரின் கடனுமே. '555' என்ற எண் அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், சீனி எனப் பதிவாகிய பற்று, பண்டிகை கழிந்து பல மாதங்கள் வரை கழிக்கப்பட்டு வந்தது. பலர் பணம் போட்டு ஓர் ஆட்டை வெட்டிக் கூறு பிரித்துக்கொண்டதும் இக்காரணம் பற்றியே. அதனை ஒற்றுமையின் சின்னம் என்று மட்டும் விளக்குவோர், தனியாக ஓர் ஆடு வாங்கும் வசதி அக்குடும்பங்களுக்கு இருந்ததா என்று கேட்பதில்லை.

தோட்ட முதியோரின் பேச்சில் பண்டிகை உணவு மிகையான ஒளியுடன் தோன்றுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1941 டிசம்பரில் தொடங்கிய சப்பானியப் படையெடுப்பும் 1945 வரை நீடித்த ஆட்சியும் தோட்டங்களில் அரிசியை அரிதாக்கின. மரவள்ளிக்கிழங்கே அன்றாட உணவாயிற்று. சயாம் மரண ரயில்பாதைக்குச் சென்றோருள் பல்லாயிரவர் திரும்பவில்லை. அக்காலத்தைக் கடந்தவர்களுக்கு ஒரு தட்டு வெள்ளைச்சோறு வெறும் உணவன்று. மரவள்ளியைக் கண்டாலே முகம் சுளிக்கும் முதியோர் நம் குடும்பங்கள் பலவற்றில் இருந்துள்ளனர். அவர்கள் விருந்தை விரித்துரைக்கும்போது பசியையும் சேர்த்தே சொல்லுகின்றனர் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இந்நோக்கில் தமிழாசிரியர்கள் அதிகம் பேசாத ஒரு நூலை இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஈப்போவில் வளர்ந்து, பின்னர்ப் பிரான்சில் வாழ்ந்துவரும் பிரீத்தா சமரசன் ஆங்கிலத்தில் எழுதி 2008-இல் வெளியிட்ட 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே' என்னும் நாவல் அது. ஆங்கில நூலைத் தமிழாய்விதழில் எதற்கு ஆராய வேண்டும் எனச் சிலர் வினவக்கூடும். அந்நூலின் தலைப்பே குறுந்தொகை 234-ஆம் பாடலிலிருந்து, ஜார்ஜ் ஹார்ட்டின் மொழிபெயர்ப்பு வழியாக வந்தது. துணையைப் பிரிந்தோர்க்குப் பொழுதெல்லாம் மாலையே என்னும் மிளைப்பெருங்கந்தனாரின் முல்லைத்திணைக் கருத்து, ஈப்போவின் ஒரு வழக்கறிஞர் இல்லத்திற்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவ்வகையில் இதனை நம் எல்லைக்குப் புறம்பான நூல் எனக் கருத இயலாது.

கடல் கடந்து வந்த மூதாதையரின் வழித்தோன்றல்கள், நாடு விடுதலை பெறும் காலத்தை ஒட்டி ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கிய 'பெரிய வீடு' நாவலின் களம். 1980-ஆம் ஆண்டில் வேலைக்காரப் பெண் செல்லம் அவ்வீட்டிலிருந்து துரத்தப்படுவதில் கதை தொடங்கிப் பின்னோக்கி நகர்கிறது. அதே காலத்தில் மூத்த மகள் உமா நியூயார்க்கிற்குப் படிக்கச் செல்கிறாள். வீட்டை விட்டு இருவர் வெளியேறுகின்றனர். ஒருத்திக்கு விமானம், மற்றொருத்திக்குப் பழியும் தந்தையின் வசையும். இவ்விரு பிரிவுகளையும் அருகருகே நிறுத்தியதே ஆசிரியரின் சிறந்த திறம் என்பது எமது கருத்து. புலம்பெயர் இலக்கியம் என்று நாம் போற்றுவது பெரும்பாலும் உமாக்களின் நினைவையே. அயல்நாட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அம்மாவின் கைமணத்தை எண்ணி ஏங்கும் எழுத்து அது. அந்த மணத்திற்காக வெங்காயம் உரித்த கை யாருடையது என்ற வினா அதில் எழுவதே இல்லை.

இந்நாவலில் அவ்வினா எழுகிறது. பெரிய வீட்டில் சமையலுக்கு ஒருத்தி, முதிய பாட்டியைக் குளிப்பாட்டிப் பேணச் செல்லம் என வேலை பகுக்கப்பட்டிருக்கிறது. செல்லத்தின் சம்பளம் அவள் கையில் நிற்பதில்லை. மாதந்தோறும் தந்தை வந்து வாங்கிச் சென்று குடித்துத் தீர்க்கிறான். தோட்டத்துக் கள்ளுக்கடையை அறிந்தோர்க்கு இந்த ஒரு செய்தியே ஒரு வரலாறு. வழக்கறிஞர் அப்பாவோ, சார் குவே தியோ விற்கும் சீனப் பெண் ஒருத்தியோடு இரண்டாம் குடும்பம் நடத்துகிறார். இன்று ஈப்போவின் பெருமையாகச் சுற்றுலா ஏடுகள் விளம்பரப்படுத்தும் தெருவோர உணவு, இங்கு ஒரு வீட்டின் மறைபொருளாக நிற்கிறது. உணவை இன நல்லிணக்கத்தின் எளிய அடையாளமாகக் காட்டும் பல்லினக் கதைகளைப் படித்துச் சலித்த நமக்கு இது ஆறுதலாகவே இருக்கிறது.

குறையும் உண்டு. கதையின் பெரும்பகுதி பெரிய வீட்டின் சுவர்களுக்குள்ளேயே நிகழ்வதால், செல்லம் பிறந்த உலகம் நமக்குத் தொலைவிலிருந்தே தெரிகிறது. மேலும், தமிழ்ச் சொற்களையும் உணவுப் பெயர்களையும் ஆங்கிலத் தொடரில் தூவும் முறை சிலவிடங்களில் அயல் வாசகருக்கான காட்சிப்பொருளாகிவிடுகிறது. உவமைகளின் நெருக்கம் வேறு.

அத்தொலைவைக் குறைக்க மற்றொரு வகை எழுத்துத் துணைபுரியும். பேராக், சித்தியவானை அடுத்த தோட்டமொன்றில் பிறந்த முத்தம்மாள் பழனிசாமி, கொங்கு நாட்டிலிருந்து வந்த தம் குடும்பத்தின் வரலாற்றை முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் 'நாடு விட்டு நாடு' எனத் தமிழிலும் எழுதினார். தோட்டத்தில் வழங்கிய நாட்டுப்புறப் பாடல்களையும் தொகுத்தார். நாவலாசிரியரின் மொழிநயம் இதில் இல்லை, தேவையும் இல்லை. வீட்டுப் பேச்சாக இருந்த நினைவை ஒரு பெண்ணே ஏட்டில் ஏற்றியிருக்கிறார் என்பதே இதன் மதிப்பு. நம் திறனாய்வோ இத்தகைய நூல்களை 'வரலாற்றுச் சான்று' என்று பாராட்டி அலமாரியில் வைத்துவிடுகிறது; இலக்கியமாக வாசிப்பதில்லை. நாவலையும் தன்வரலாற்றையும் எதிரெதிரே வைத்து வாசித்தாலன்றிச் செல்லத்தின் வீட்டு அடுப்பு நமக்குத் தெரியப்போவதில்லை.

'தாயகச் சுவை' என்ற தொடரையும் சற்று ஐயுறுதல் நன்று. ஈப்போ, புந்தோங்கில் 'கம்போங் கச்சாங் பூத்தே' எனப் பெயர்பெற்ற பகுதி உள்ளது. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் முறுக்கும் ஓமப்பொடியும் கடலை வகைகளும் செய்து விற்று அப்பெயரை நிலைநாட்டின. அத்தொழிலின் பெயர் மலாய், செய்முறை தமிழ், வாங்குவோர் மூவினத்தவர். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அப்பலகாரம் செல்கிறது. தீபாவளிக்கு முந்திய இரவுகளில் பெண்கள் கண்விழித்துச் சுட்ட முறுக்கு, இன்று நெகிழிப் போத்தலில் கடையில் கிடைக்கிறது. இதனைப் பண்பாட்டுச் சிதைவு என்று புலம்புவோரோடு நாம் உடன்படவில்லை. அவ்வாறு புலம்புவோரில் முறுக்கு பிழிந்து கை காய்த்தவர் எத்தனை பேர் என்பது ஆராயத்தக்கது.

இவ்வாசிப்பு கருத்தளவில் நின்றுவிடுவதற்கன்று. துண்டாடல், செம்பனை மாற்றம், வீடமைப்புத் திட்டங்கள் எனப் பல காரணங்களால் பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன. 1969-க்குப் பின் வேலை உரிமச் சட்டத்தால் குடியுரிமையற்ற தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் நாட்டைவிட்டு வெளியேறியபோது, ஒரே குடும்பத்தின் தீபாவளி இரண்டு நாடுகளில் பிரிந்தது. பிற்காலத்தில் சிங்கப்பூர், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என அது மேலும் பிரிந்தது. தோட்டத்தையே காணாத மாணவர்கள் இன்று 'என் வீட்டுத் தீபாவளி' என்று கட்டுரை எழுதுகின்றனர். இல்லாத லயத்தையும் இல்லாத விறகடுப்பையும் பயிற்சி நூலிலிருந்து எடுத்து எழுதுகின்றனர். நாமும் அதற்குப் புள்ளி வழங்குகிறோம்.

அக்கட்டுரைக்கு மாற்றாக, வீட்டிலுள்ள மூத்த பெண்ணொருவரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு வரும்படி மாணவர்களைப் பணிக்கலாம். பண்டிகைச் சாமான் யாரிடம் கடனாக வாங்கப்பட்டது, அக்கடன் எப்போது தீர்ந்தது, அன்று வீட்டில் கடைசியாக உண்டவர் யார் என்பன அவை. மூன்றாவது வினாவிற்கு விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டனர்.