விஞ்ஞானிக்குச் சம்பளம் உண்டா?

விஞ்ஞானிகளைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தும் ஆங்கிலப் படக்கதைகளில் இரண்டு பெரிதும் பேசப்படுபவை. ஒன்று, ஆண்ட்ரியா பீட்டி எழுதி டேவிட் ராபர்ட்ஸ் படம் வரைந்த ‘ஏடா ட்விஸ்ட், சயின்டிஸ்ட்’ (2016). மற்றொன்று, ஜாக்குலின் பிரிக்ஸ் மார்ட்டின் எழுதி, மேரி அசேரியனின் மரச்செதுக்குப் படங்களுக்காக 1999இல் கால்டெகாட் பதக்கம் பெற்ற ‘ஸ்னோஃப்ளேக் பென்ட்லி’. இரண்டும் நல்ல புத்தகங்கள்தாம். ஆனால் விஞ்ஞானி யார், அவருடைய தொழில் என்ன என்று சொல்லித்தரும் பாடமாக இவை தேறுமா?

ஏடா மூன்று வயதுவரை வாய் திறக்காத கறுப்பினச் சிறுமி. திறந்ததும் ‘ஏன்’ என்கிறாள். வீட்டில் ஒரு நாற்றம் அடிக்கிறது. முட்டைக்கோஸ் குழம்பைச் சந்தேகிக்கிறாள், பூனையைச் சந்தேகிக்கிறாள், சோதித்துப் பார்த்து வீட்டையே கலைக்கிறாள். நாற்றம் எங்கிருந்து வந்தது என்று கதை அடித்துச் சொல்வதில்லை. விடை கிடைக்காமலும் ஆராய்ச்சி தொடரும் என்பதை இவ்வளவு லேசாகச் சொன்ன படக்கதைகள் குறைவு. அதே சமயம், தலைப்பு அவளை விஞ்ஞானி என்று அழைத்தாலும் கதை காட்டுவது அவளுடைய சுபாவத்தை மட்டுமே. துருதுருப்பான பிள்ளையெல்லாம் விஞ்ஞானி என்றால், அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன்னை எங்கே வைத்துக்கொள்ளும்?

பென்ட்லியின் கதை கனமானது. 1865இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்த விவசாயி மகன். நுண்ணோக்கியோடு இணைந்த கேமராவைப் பெற்றோர் வாங்கித் தந்தார்கள். அதன் விலை, அப்பாவிடமிருந்த பத்துப் பசுக்களின் விலை. முதல் குளிர்காலம் முழுக்கத் தோல்வி. 1885 ஜனவரியில்தான் பனிப்படிகம் ஒன்று படமாக விழுந்தது. 1931இல் இறக்கும்வரை ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தார். கதை நடுவில் ஓட, பக்கத்தின் ஓரத்தில் தகவல்கள் தனியே வருகின்றன. வாழ்நாள் உழைப்புக்குச் செலவான பணத்தில் சிறு பங்குதான் திரும்பி வந்தது என்பதைப் புத்தகம் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே இதை ஏடாவுக்கு மேலே வைக்கிறேன். ஆனாலும் குறை உண்டு. பென்ட்லி தனியாள், சக ஆய்வாளர் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, சம்பளம் இல்லை. சோறு போட்டது மாடும் நிலமும். இதைப் படிக்கும் பிள்ளை அறிவியலை ஒரு தவமாக நினைக்கலாம், தொழிலாக நினைக்க வழியில்லை.

இனி, இந்தப் புத்தகங்கள் எந்த வயதுப் பிள்ளைகளின் கைக்குப் போகின்றன என்று பார்ப்போம். டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகள் விஞ்ஞானியின் படம் வரைந்தார்கள். பெண்ணை வரைந்தவை 28 மட்டுமே. அத்தனையும் சிறுமிகள் வரைந்தவை. 2018இல் டேவிட் மில்லர் குழுவினர் ஐம்பது ஆண்டு அமெரிக்க ஓவியங்களைத் தொகுத்துப் பார்த்தபோது நிலைமை வெகுவாக மாறியிருந்தது. அந்த மாற்றத்தைப் படக்கதைகளின் கணக்கில் எழுதிவிட முடியாது, காரணங்கள் பல. நமக்கு முக்கியமானது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. ஐந்தாறு வயதில் பிள்ளைகள் ஆணையும் பெண்ணையும் ஏறக்குறைய சமமாகவே வரைகிறார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள். படக்கதை என்னும் மருந்தை நோய் தொடங்குமுன் சிறு வயதில் கொடுத்துவிட்டு, அது முற்றும் வயதில் நிறுத்திவிடுகிறோம்.

பெரிய பிள்ளைகளிடம் கதை எடுபடாது என்பதும் சரியல்ல. சியாடாங் லின்-சீக்லர் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க்கின் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஐன்ஸ்டைன், கியூரி, ஃபாரடே பட்ட பாடுகளைப் படித்தார்கள். அவர்களின் அறிவியல் மதிப்பெண் கூடியது. சாதனைகளை மட்டும் படித்தவர்களுக்குக் கூடவில்லை. அவை படக்கதைகள் அல்ல, சிறு வாசிப்புப் பகுதிகள். ஆகவே இந்த முடிவை ஏடாவுக்கும் பென்ட்லிக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எந்த மாதிரிக் கதை வேலை செய்கிறது என்பதற்கு இது போதுமான தடயம்.

நம் பக்கத்து உதாரணம் வானிலை விஞ்ஞானி அன்னா மணி. வைரத் தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று எட்டாம் பிறந்தநாளில் கேட்ட சிறுமியாகத்தான் அவரைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் இயற்பியலாளர் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தும், முதுகலைப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. அதன் பின் லண்டன் சென்று வானிலைக் கருவிகள் கற்று, 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, துணைத் தலைமை இயக்குநர்வரை உயர்ந்தார். மாதச் சம்பளம் வாங்கி, கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, அளவீடு சரிபார்த்த அலுவலகப் பெண் அவர். தொழிலைப் பற்றி அறிய விரும்பும் பிள்ளைக்கு அந்தத் தோட்டைவிட இந்த அலுவலகம்தான் பயன்படும்.

என் தீர்ப்பு இது. ஏடாவை இரண்டாம் வகுப்பில் படிக்கலாம். அதை ரசனைக்கான வாசிப்பாக மட்டும் கொள்ளுங்கள், தொழில் வழிகாட்டியாக அல்ல. பென்ட்லியை ஏழாம், எட்டாம் வகுப்புக்கு ஏற்றி, ஓரத்துக் குறிப்புகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தமிழில் அறிவியலாளர் வாழ்க்கையை எழுதுவோருக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த புத்தகத்தில் அந்த அறிவியலாளர் எந்த அலுவலகத்தில், யாரோடு, என்ன வேலை செய்தார், யார் சம்பளம் கொடுத்தார்கள் என்பதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.