ஒரே வரியில் நூறு சர்வர்: கட்டளை வரியின் வலிமையும் வரம்பும்

ஜவ்வாது மலையில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர் வானாய்வகம். 1986 ஜனவரியில் அங்கே 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோனது அங்கிருந்த வாக்ஸ் 11/780 கணினி. காவலூரில் பதிவான நிறமாலைகள் பல அதில்தான் அலசப்பட்டன. அதில் சுட்டியும் சின்னங்களும் இல்லை. என்ன வேண்டுமோ அதைத் தட்டச்சு செய்துதான் கேட்கவேண்டும். அதே வாக்ஸ் குடும்பக் கணினிகள் பலவற்றைப் பிணைத்து ஒன்றாக இயங்கவைக்கும் 'வாக்ஸ்கிளஸ்டர்' ஏற்பாட்டை டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனம் 1983இல் அறிவித்தது. பின்னர் அதன் இயங்குதளத்தில் சிஸ்மேன் என்ற கருவி சேர்ந்தது. கிளஸ்டர் முழுவதையும் இலக்காக வைத்து அதில் ஒரு கட்டளை கொடுத்தால், எல்லாக் கணினியும் அதை நிறைவேற்றும்.

அந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கிளஸ்டரின் ஒவ்வொரு கணினியிலும் பல சேவைகள் ஓயாமல் ஓடும்: ஒன்று நேரத்தைச் சரிபார்க்கும், ஒன்று கோப்புகளைப் பரிமாறும், ஒன்று வேலைகளை வரிசைப்படுத்தும். இவற்றைத் தொடங்குவதும் நிறுத்துவதும் நிலை விசாரிப்பதும் நிர்வாகியின் அன்றாட வேலை. அத்தனையையும் டெர்மினலில் தட்டும் ஒற்றை வரியால் எல்லாக் கணினிகளிலும் செய்வது நல்ல வழக்கம்தானா? விசாரிப்பதற்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை. மாற்றுவதற்கு இதைவிட ஆபத்தான கருவிகள் அதிகமில்லை என்பதே என் மதிப்பீடு.

வலிமையை முதலில் பார்ப்போம். சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் கப்ரு கிளஸ்டர் 2004இல் இயங்கத் தொடங்கியது. 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு செயலிகள். ஒரு சேவை ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாக நுழைந்து பார்க்கத் தலா ஒரு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், முழுச் சுற்றுக்கு 2 மணி 24 நிமிடம். கடைசிக் கணினிக்கு வந்துசேர்வதற்குள் முதல் கணினியின் நிலை பழங்கதை ஆகிவிடும். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான பிடிஎஸ்எச் போன்ற கருவிகள் ஒரே கேள்வியை எல்லாக் கணினிகளுக்கும் இணையாக அனுப்புகின்றன. ஒரே மாதிரியான பதில்களைத் தொகுத்து, மாறுபட்டு நிற்கும் கணினியைத் தனியே காட்டும் துணைக்கருவியும் உண்டு. வண்ணக் கண்காணிப்புப் பலகைகளில் நாம் தேடிச் சலிக்கும் தகவல் இங்கே இரண்டு வரிகளில் கிடைத்துவிடும்.

இரண்டாவது வலிமை சிக்கனம். காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இன்னொரு தொலைநோக்கி இருக்கிறது. அதைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொஸ்கோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்கினார்கள். புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கேள்வி போய்ப் பதில் திரும்பக் கிட்டத்தட்ட அரை நொடி ஆகும். படங்களும் பொத்தான்களும் நிறைந்த பக்கம் அத்தகைய இணைப்பில் திணறும். எழுத்து வரியோ சில பைட்டுகளில் வேலையை முடித்துவிடும். அதிலும் ஒரு குறை உண்டு: தட்டிய எழுத்து மறுமுனைக்குப் போய்த் திரும்பிய பிறகே திரையில் தெரியும். 2012இல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த மோஷ் என்ற கருவி, எழுத்தை உள்ளூரிலேயே உடனே காட்டி அந்த எரிச்சலைக் குறைத்தது. மூன்றாவதாக, தட்டிய வரியைச் சேமிக்கலாம், சக ஊழியருக்கு அனுப்பலாம், நாளை திரும்ப ஓட்டலாம். சுட்டியால் அழுத்திய பொத்தானுக்கு அந்த வசதி இல்லை.

இனி குறைகள். கட்டளை வரியில் விசாரணைக்கும் வெட்டுக்கும் ஒரே தோற்றம். ஒரு சொல் மாறினால் 'நிலை என்ன' என்பது 'நிறுத்து' என்றாகிவிடும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில், பணம் கணக்கிடும் பிரிவின் கோளாறை ஆராய்ந்த பொறியாளர் ஒருவர், சில சர்வர்களை விலக்குவதற்கான வழக்கமான கட்டளையைக் கொடுத்தார். அதில் ஓர் உள்ளீடு தவறாகிவிட, எண்ணியதைவிட அதிகமான சர்வர்கள் விலகின. அதை நம்பியிருந்த பல இணையதளங்கள் சில மணி நேரம் தடுமாறின. நிறுவனம் பிறகு திருத்தியது அந்தக் கருவியை: சர்வர்களை மெதுவாக விலக்கவும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும் கட்டளையை மறுக்கவும் அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். கை தவறுவது இயல்பு. ஒரு தவறு எவ்வளவு தூரம் பரவலாம் என்பதைத்தான் நாம் தீர்மானிக்க முடியும்.

அடுத்த குறை, எந்தக் கணினியில் நிற்கிறோம் என்ற மயக்கம். அதே ஆண்டு ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், துணைத் தரவுதள சர்வரில் இருப்பதாக நினைத்து ஒருவர் முதன்மை சர்வரில் அழிக்கும் கட்டளையை ஓட்டிவிட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஆறு மணி நேரத் தரவு நிரந்தரமாகப் போயிற்று. இரண்டு டெர்மினல்களும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். பெயரில் ஓர் இலக்கம்தான் வித்தியாசம்.

மூன்றாவது குறை வெளியே தெரியாதது, அதனாலேயே மோசமானது. கட்டளை என்பது ஊரில் போடும் தண்டோரா மாதிரி. அந்த நேரத்தில் ஊரில் இருப்பவர் காதில் விழும். வெளியூர் போயிருந்தவருக்குத் தெரியாது. பழுதாகி அணைந்திருந்த கணினி மறுநாள் எழும்போது பழைய அமைப்போடுதான் எழும். நியூயார்க் பங்குச்சந்தையில் வர்த்தகம் செய்த நைட் கேப்பிட்டல் நிறுவனம் தன் 8 சர்வர்களில் 7க்கு மட்டும் புதிய நிரலை ஏற்றியிருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று, விட்டுப்போன எட்டாவது சர்வர் வழக்கொழிந்த பழைய நிரலை ஓட்டத் தொடங்கியது. பதற்றத்தில் சரியாக இருந்த ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். நிலைமை இன்னும் மோசமானது. சுமார் 45 நிமிடத்தில் இழப்பு 44 கோடி டாலர்.

இதற்கு மாற்று வழி பழையதுதான். மார்க் பர்ஜெஸ் 1993இல் ஆஸ்லோவில் எழுதிய சிஎஃப்என்ஜின் என்ற மென்பொருள், 'இதைச் செய்' என்பதற்குப் பதிலாக 'இப்படி இருக்கவேண்டும்' என்று எழுதிவைக்கச் சொன்னது. கணினி அதை அவ்வப்போது படித்து, தன் நிலை விலகியிருந்தால் தானே சரிசெய்துகொள்ளும்; தாமதமாக எழுந்த கணினியும் படிக்கும். 2014இல் கூகுள் வெளியிட்ட குபெர்நெட்டீஸ் இந்தச் சிந்தனையின் வளர்ச்சி. கோப்பில் எழுதிய மாற்றத்தை ஓட்டுவதற்கு முன் இன்னொருவர் படித்துப் பார்க்கலாம். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதும் பதிவாகிவிடும்.

இந்த மாற்றும் சர்வரோக நிவாரணி அல்ல. தவறாக எழுதிய கோப்பு எல்லாக் கணினிகளிலும் பிசகாமல் நிறைவேறும். காவல் கருவிகளும் சறுக்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த கட்டளையைத் தடுத்திருக்கவேண்டிய தணிக்கைக் கருவியில் ஒரு பிழை. தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்புகள் எல்லாம் அறுந்தன. தொலைவிலிருந்து நுழையும் வழிகளும் அடைபட்டன. கடைசியில் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கே நேரில் போய்த்தான் சரிசெய்யவேண்டியிருந்தது. கட்டளை வரியை மறந்த தலைமுறைக்கு அத்தகைய நாளில் கைகொடுக்க ஒன்றும் இருக்காது.

ஆகவே தேவை வேலைப் பிரிவினை. விசாரிக்கும் கட்டளைகள் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். அவற்றுக்கு மாற்றும் அதிகாரம் வேண்டாம். மாற்றங்கள் கோப்பு வழியே, முதலில் ஒரு கணினியில், பிறகு பத்தில், அதன்பின் எல்லாவற்றிலும் போகட்டும். அவசரத்தில் கையால் செய்த மாற்றம் மறுநாள் கோப்பில் ஏறட்டும்; ஏறாவிட்டால் அது அடுத்த கோளாறுக்கான விதை.

'எங்களிடம் இருப்பது பத்துக் கணினி, இரண்டு ஆள்; எங்களுக்கு எதற்கு இந்தச் சடங்கு?' என்று சிறிய நிறுவனங்கள் கேட்பதில் பாதி நியாயம் உண்டு. குபெர்நெட்டீஸ் போன்ற பெரிய ஏற்பாடு அவர்களுக்குச் சுமைதான். ஆனால் ஆள் குறைவாக இருக்கும் இடத்துக்குத்தான், அதுவும் காவலூர் போன்ற மலையிடத்துக்கு, எழுதிவைப்பது அதிகம் தேவை. நகரத்தில் ஒருவர் போனால் இன்னொருவரைக் கேட்கலாம். மலையிலோ கட்டளைகளை மனப்பாடமாக வைத்திருந்தவர் மாறுதலாகிப் போனால், கிளஸ்டரின் அமைப்பும் அவரோடு மலையிறங்கிவிடும். ஓர் எளிய எழுத்துக் கோப்பும் அதை ஓட்டும் ஆன்சிபிள் போன்ற சிறு கருவியும் அதைத் தடுக்கப் போதும்.