ஒழுங்கின் அளவுகோல்

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி, 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டத்தைக் கொண்டு மனிதரை இனவாரியாகப் பிரித்தது. இன்னார் இன்ன இனம் என்பதில் ஐயம் எழுந்தால், தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்க்கும் வழக்கமும் அங்கு இருந்தது. பென்சில் வழுக்கி விழுந்தால் வெள்ளையர். சிக்கி நின்றால் அல்லர். அச்சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. முடியைக் கொண்டு மனிதரை அளக்கும் மனப்பான்மையோ அதனுடன் நீங்கிவிடவில்லை.

2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா மகளிர் உயர்நிலைப் பள்ளியின் கறுப்பின மாணவியர் போராட்டத்தில் இறங்கினர். நிறவெறிக் காலத்தில் வெள்ளையருக்கு மட்டுமே உரியதாயிருந்த பள்ளி அது. ஆஃப்ரோ எனப்படும் தங்கள் இயல்பான சுருள்முடியை நேராக்கும்படி ஆசிரியர்கள் வற்புறுத்துவதாக அவர்கள் முறையிட்டனர். பள்ளியின் விதிகளோ, முடி நேர்த்தியாகவும் அடக்கமாகவும் இருத்தல் வேண்டும் என்ற பொதுமொழியிலேயே பேசின. அப்பொதுமொழியில்தான் பிழை மறைந்திருக்கிறது. தானே தாழ்ந்து தொங்கும் முடிக்கு நேர்த்தி என்பது ஒரு சீப்பின் வேலை. மேல்நோக்கி வளரும் முடிக்கோ, இரசாயனத்தாலும் வெப்பத்தாலும் தன் இயல்பை இழப்பது. ஒரே விதி ஒருத்தியைத் தலைவாரிக்கொள்ளச் சொல்கிறது. மற்றொருத்தியை வேறொருத்தியாக மாறச் சொல்கிறது. மாகாணக் கல்வி அமைச்சர் தலையிட்ட பின்னரே முடி பற்றிய விதி நிறுத்திவைக்கப்பட்டது.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் இத்தகைய சிக்கலுக்கு நெறி வகுத்திருந்தது. டர்பன் மகளிர் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற, தென்னிந்திய வழிவந்த இந்து மாணவி ஒருத்தி மூக்குத்தி அணியத் தடுக்கப்பட்டாள். பிள்ளை வழக்கு என அறியப்படும் அதில், 2007 அக்டோபர் 5 அன்று தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய தீர்ப்பு சீருடையின் பயனை மறுக்கவில்லை. விதிவிலக்கு அளித்தால் ஒழுங்கு குலையும் என்ற வாதத்துக்குச் சான்றில்லை என்றது. அதனினும் முக்கியமானது மற்றொன்று. சமயக் கட்டாயமாக உள்ளவை மட்டுமல்ல, ஒருவர் விரும்பி மேற்கொள்ளும் வழக்கங்களும் அவரது அடையாளத்தைச் சேர்ந்தவை, ஆதலால் பாதுகாப்புக்கு உரியவை என்று அது நிறுவியது.

இத்தீர்ப்பைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2022 மார்ச் 15 அன்று ஹிஜாப் வழக்கில் எடுத்துப் பேசியது. ஆனால், மூக்குத்தி கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத சிறு பொருள் என்று கூறி ஒதுக்கியும் வைத்தது. இவ்வாசிப்பை நம்மால் ஏற்க இயலவில்லை. சிறியது என்பதற்காகப் பொறுத்துக்கொள்வது சலுகை. பிள்ளை வழக்கு பேசியதோ உரிமை பற்றி. ஹிஜாப் இன்றியமையாத சமயக் கடமையா என்ற கேள்வியையே உயர்நீதிமன்றம் முதன்மைப்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கியபோது, நீதிபதி சுதான்ஷு தூலியா அக்கேள்வி வழக்கின் முடிவுக்குத் தேவையற்றது எனக் கருதி, மாணவியின் விருப்பத்தையும் கல்வியையும் முன்னிறுத்தினார்.

இந்த வேறுபாடு நம் சமுதாயம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய ஒன்று. ஆஃப்ரோ முடியை எந்த வேதமும் கடமையாக்கவில்லை. கடமையாயின் மட்டுமே உரிமை என்போமானால், பிரிட்டோரியா மாணவிக்கு நம்மிடம் விடையில்லை. அவளுக்காகப் பேச இயலாத வாதம் நம் பெண்மக்களையும் நெடுநாள் காவாது. ஒரு நீதிமன்றம் 'இது கடமையன்று' என்று சொல்லிவிட்டால் அத்துடன் அது வீழ்ந்துவிடும்.

நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளிலும் சீருடை விதிகள் உண்டு. அங்கே பிற சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். நேர்த்திக்கடனுக்காக முடி வளர்க்கும் மாணவன் ஒருவன் அங்கு வந்து நின்றால், 'நேர்த்தி' என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்வோம்? ஹிஜாபுக்காக நாம் கேட்கும் நீதியின் வலிமை, அவனுக்கு நாம் அளிக்கும் விடையில் இருக்கிறது.