வட்டத்தொட்டிப் பள்ளிக்கூடம்

தென்காசியில் நான் படித்த காலத்தில் குற்றாலக் குறவஞ்சிப் பாட்டு ஒன்று பாடமாக வந்தது. பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பக்கத்து மேலகரத்துக்காரர். பாட்டில் வரும் அருவியோ ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தில் விழுந்துகொண்டிருந்தது. உபாத்தியாயர் அருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாட்டை ஒரு தடவைகூட வாய்விட்டுப் படிக்கவும் இல்லை. பதவுரை சொன்னார், எழுதிக்கொண்டோம். இலக்கணக் குறிப்புச் சொன்னார், அதையும் எழுதிக்கொண்டோம். பரீட்சையில் எனக்கு நல்ல மார்க்கு. பாட்டுத்தான் போன இடம் தெரியவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் கட்டுரைகளையும் கடிதங்களையும் படித்தபோதுதான் நான் தொலைத்தது இன்னது என்று தெரிந்தது. டி. கே. சி. உபாத்தியாயர் அல்ல, சட்டம் படித்தவர். ஆனால் திருநெல்வேலி வீட்டு வட்டத்தொட்டியிலும், பிறகு 1954-ல் காலமாகும் வரையில் குற்றாலத்திலும் அவர் நடத்தியது பள்ளிக்கூடம் அல்லாமல் வேறென்ன? ஆஜர்ப் பட்டியல் கிடையாது, பரீட்சை கிடையாது. ராஜாஜியும் கல்கியும்கூட அங்கே கேட்கிற இடத்தில் உட்கார்ந்தவர்கள்தாம்.

கல்வியைப் பற்றி அவருக்கு இருந்த நம்பிக்கைகள் எளியவை. பிள்ளை எந்தப் பாஷையில் சிரித்து அழுகிறதோ, அந்தப் பாஷையில்தான் அதற்குப் பாடம் ஏறும். செய்யுள் முதலில் காதுக்கு விஷயம். தாளத்தோடு, நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொன்னால் பொருள் தானே வந்து நிற்கும். சொல்லிக் கொடுப்பவன் தான் அனுபவிக்காததை அனுபவித்ததாகக் காட்டக் கூடாது. இந்த மூன்றையும் நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. 'கம்பர் தரும் ராமாயணம்' என்று அவர் பதிப்பித்தபோது, தம் காதுக்கு இசையாத பாட்டுகளை இடைச்செருகல் என்று தள்ளினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். ஏட்டுச் சான்று எங்கே என்று புலவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடிப் பாடபேதங்களைக் குறித்து வைத்தார். வாசகன் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் தாத்பரியம். டி. கே. சி. வாசகனுக்கு அந்த வேலையை மிச்சம் வைக்கவில்லை. பதிப்பில் அது பிழை. பாடம் சொல்லுகிறவனிடத்தில் அதைவிடப் பெரிய பிழை. வாத்தியாரின் ஆனந்தம் மாணாக்கனுடைய ஆனந்தத்துக்கு வேலி ஆகலாமா?

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அவர் ஒதுக்கிய பாட்டுகளைத் தேடி, அவர் சொன்ன மாதிரியே உரக்கப் படித்துப் பார்த்தேன். சில பாட்டுகள் எனக்கு நன்றாகவே இருந்தன. அவரோடு சண்டை போட எனக்குக் காது கொடுத்தவரும் அவர்தான். என் பழைய உபாத்தியாயரோடு சண்டை போட எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

சென்ற சாரல் காலத்தில் என் மகளுக்கு அதே குறவஞ்சிப் பாட்டைப் படித்துக் காட்டினேன். அர்த்தம் கேட்டாள். "அப்புறம் சொல்றேன், நீ ஒரு தடவை படி" என்றேன். படித்தாள். பிடித்த அடி எது என்று கேட்டேன். எனக்குச் சுமாராகப் பட்ட ஓர் அடியைச் சொன்னாள். "அது இல்லையம்மா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. டி. கே. சி.யை நினைத்துக்கொண்டேன். "எங்கே, இன்னொரு தடவை படி" என்று மட்டும் சொன்னேன்.